கை வைத்தால் நகரும் கார்

புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் கதவைத் திறந்து பார்ப்பார்கள், மூடிப் பார்ப்பார்கள், டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். ஏன் தட்டுகிறோம் என்று தட்டுகிறவர்களுக்கே தெரியாது. ருக்குமணி அதெல்லாம் செய்யவில்லை. பினாங்கு ஜெலுத்தோங்கில் இருந்த அந்தக் கார்க் கடைக்குள் நுழைந்தவள், வாசலில் நின்ற வெள்ளைக் காரின் இன்ஜினை அணைத்துவிட்டு கியரை நியூட்ரலில் போட்டு வைக்கச் சொன்னாள். கைப்பையை விற்பனையாளர் அஃபிக்கின் கையில் திணித்தாள். பின்பக்கம் போய், இரண்டு உள்ளங்கையையும் காரின் மேல் பதித்து, மூச்சைப் பிடித்துத் தள்ளினாள்.

"காக், காடி நல்லாவே ஓடும். தள்ளவே வேணாம்லா," என்றான் அஃபிக். மலாய்க்காரன்தான், ஆனால் இருபது வருஷமாக இந்தியர்களுக்குக் கார் விற்று விற்றுத் தமிழ் தானாகவே வந்துவிட்டது; அக்கா மட்டும் 'காக்' ஆகவும் கார் 'காடி'யாகவும் நின்றுவிட்டன.

"எனக்காகத் தள்ளிப் பாக்கல தம்பி. அறுபத்து மூணு வயசு ஆளு ஒருத்தர் தள்ளணும். அவரால முடியுமான்னு பாக்குறேன்."

அஃபிக் கைப்பையைக் கொண்டுபோய் மேசையில் வைத்தான். குடிக்கத் தண்ணீர் வைக்க எத்தனை இடம் இருக்கிறது, பாட்டு எத்தனை ஸ்பீக்கரில் வரும் என்றெல்லாம் கேட்பவர்களைப் பார்த்துப் பழகியவன். இந்த அம்மாவுக்கு என்ன சொல்லி விற்பது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ருக்குமணி இருக்கும் அடுக்குமாடியில் ஒரு வாரம் குடியிருந்தால்தான் அந்தக் கேள்வி புரியும்.

அங்கே பதினாறு மாடி. வீடுகள் முந்நூறுக்கு மேல். கார் நிறுத்தக் கோடு போட்ட இடமோ நூற்றுச் சொச்சம். கட்டினவனுக்குக் கூட்டல் தெரியவில்லையா, இல்லை, இந்தச் சனங்கள் காலம் முழுக்கப் பஸ்ஸிலேயே போவார்கள் என்று நினைத்துவிட்டானா, அது அவனுக்கே வெளிச்சம். மாலை ஆறு மணிக்கெல்லாம் கோடு போட்ட இடம் நிரம்பிவிடும். பிறகு வருகிறவர்கள் நிற்கிற கார்களுக்கு முன்னால் குறுக்கே நிறுத்துவார்கள். அப்படி நிறுத்துகிறவர்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் இறக்கியிருக்க வேண்டும், ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும். உள்ளே இருப்பவன் வெளியே போக வேண்டுமென்றால், குறுக்கே நிற்கும் காரைக் கையால் தள்ளி வழி பண்ணிக்கொண்டு போவான். எந்தப் பலகையிலும் இதை எழுதி வைக்கவில்லை. ஆனால் மறந்துபோய் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போகிறவனின் ஏழு தலைமுறையும் பதினாறு மாடிச் சன்னல்களிலிருந்தும் வசவு வாங்கும்.

ருக்குமணிக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாக் மண்டினில் வேலை. பிஸ்கட் டின் செய்யும் தொழிற்சாலையில் லைன் லீடர். பத்தொன்பது வயதில் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறியவள், இப்போது ஐம்பத்தொன்று. காலை ஏழு முதல் இரவு ஏழு வரை வேலை; நாலு நாள் வேலை, ரெண்டு நாள் லீவு. பினாங்குப் பாலத்தில் ஊர்ந்து அவள் வீடு வந்து சேர எட்டாகிவிடும். எட்டு மணிக்கு இடத்துக்கு எங்கே போவது? படிக்கட்டுப் பக்கம் நிற்கும் ஒரு பழைய பச்சைக் காருக்கு முன்னால்தான் தன் சாம்பல் நிறக் குட்டிக் கஞ்சில் காரைக் குறுக்கே நிறுத்துவாள். முதலில் ஏதோ தற்செயலாக நிறுத்தியதுதான். அப்புறம் தெரிந்தே நிறுத்தினாள். பச்சைக் காரின் சொந்தக்காரர் திட்ட மாட்டார்.

அவர் முகம்மது கனி. இரண்டாவது மாடிக்காரர். லிட்டில் இந்தியாவில் ரொட்டி சானாய் கடை வைத்திருந்தவர். இப்போது கடையை மகன் ஹைக்கல் பார்த்துக்கொள்கிறான். இவர் காலையில் போய்க் கல்லாவில் உட்கார்ந்து, மகனிடம் குறை சொல்லிவிட்டு மூன்று மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார். அவர் மனைவி சித்தி ஹாஜரா.

ஹாஜராவைப் பற்றிச் சொல்லாமல் ருக்குமணியைப் பற்றிச் சொல்ல முடியாது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், வேலைக்குக் கிளம்பிய ருக்குமணியின் கணவர் ராமசாமி, லிப்டுக்குக் காத்திருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான், போய்விட்டார். மகள் சாந்தினிக்கு அப்போது ஏழு வயது. காரியமெல்லாம் முடிந்து, வந்த சொந்தபந்தம் ஆளுக்கொரு பக்கம் போனபின், ருக்குமணி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? போகாவிட்டால் பிள்ளைக்கு என்ன போடுவது? அப்போதுதான் ஹாஜரா பதினோராவது மாடிக்கு வந்து கதவைத் தட்டினார். அதுவரை படிக்கட்டில் பார்த்தால் சிரிப்பதோடு சரி.

"புள்ளைய எங்கிட்ட விடு. நீ வேலைக்குப் போ. அழுவணும்னா ராத்திரி வந்து அழு. நானும் கூட உக்காந்து அழுவுறேன்."

சொன்னபடியே செய்தார். பள்ளி விட்டதும் சாந்தினி நேரே இரண்டாவது மாடிக்குத்தான் போவாள். சாப்பாடு அங்கே, வீட்டுப்பாடம் அங்கே, தூக்கமும் அங்கே. வெள்ளிக்கிழமை ருக்குமணி வீட்டில் கவிச்சி கிடையாது என்று தெரிந்ததும், அந்தப் பிள்ளைக்கென்றே ஒரு சட்டியைத் தனியாக வாங்கி, பிடியில் சிவப்புத் துணி சுற்றி வைத்தார் ஹாஜரா. அந்தச் சட்டியில் மீன் வாடைகூடப் படவிட்டதில்லை. ஒரு தடவை ஹைக்கல் தெரியாமல் அதில் முட்டை பொரித்துவிட்டான். அவன் முதுகில் விழுந்த சத்தம் மூன்றாவது மாடிக்குக் கேட்டது. பத்து வருஷம் இப்படிப் பார்த்துக்கொண்டார். ஒரு நாள்கூட, ஒரு பேச்சுக்குக்கூட, "நான் செய்தேன்" என்று சொன்னதில்லை. கூடப் பிறந்தவர்கள் செய்வார்களா இதை? ருக்குமணியின் கூடப் பிறந்தவர்கள் செய்யவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஹாஜராவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை ஆறரைக்கு இரத்தம் சுத்திகரிக்கும் மையத்தில் இருக்க வேண்டும். நாலு மணி நேரம் நாற்காலியில். பிந்திப் போனால் நேரம் குறையும், ஏனென்றால் அடுத்த நோயாளி வாசலில் காத்திருப்பார். ருக்குமணிக்கு வேலை இருக்கும் நாட்களில் தொல்லையில்லை, அவள் ஆறு மணிக்கு முன்பே காரை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். லீவு நாளில் அப்படி இல்லை. அவள் பதினோராவது மாடியில் தூங்கிக்கொண்டிருப்பாள், அவள் கஞ்சில் பச்சைக் காரை மறித்துக்கொண்டு கீழே நிற்கும். கனி ஒரு தடவைகூட அவளை எழுப்பியதில்லை. பனியோ மழையோ, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே தள்ளிவிட்டு, மனைவியை ஏற்றிக்கொண்டு போவார். ருக்குமணி எட்டு மணிக்குச் சன்னலைத் திறந்து பார்த்தால், படிக்கட்டுப் பக்கம் நிறுத்திய கார் குப்பைக் கூண்டுப் பக்கம் நிற்கும். இன்றைக்கு அக்காவுக்கு மருத்துவ நாள் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்தியது ருக்குமணியின் இடது முழங்கால். பாலத்து நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்தே தேய்ந்துபோன முழங்கால் அது. காலுக்கு ஓய்வு கொடு, இல்லாவிட்டால் கத்தி வைக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். ஆக, ஆட்டோ கியர் வேண்டும். குனிந்து ஏறும் தாழ்ந்த காரும் ஆகாது, உட்கார்ந்து எழுந்தாலே உயிர் போய்ப் போய் வருகிறது. போன வருஷ வெள்ளத்தில் கஞ்சிலுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வேறு வந்தது. அதனால் கொஞ்சம் உயரமாக, எஸ்யூவி மாதிரி. அதே சமயம் அடுக்குமாடியில் திரும்ப வேண்டுமே, அதனால் சின்னதாக. சாந்தினி இப்போது கம்பாரில் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள், மாதம் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க நெடுஞ்சாலையில் தாங்க வேண்டும். மின்சாரக் கார் வாங்குங்களேன் என்றார்கள் சிலர். பதினோராவது மாடியிலிருந்து ஒயரைத் தொங்கவிடுவதா? பெட்ரோல்தான் சரி.

தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் குணாளன் கெப்பாலா பத்தாஸ்காரர். அவர் அப்படி ஒரு நீல நிறக் கார் வாங்கி மூன்று மாதமாகியிருந்தது.

"கடையில அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பாத்தா என்னக்கா தெரியும்? என் காடிய ரெண்டு நாள் வெச்சிக்கிங்க. பாலத்துல ஓட்டுங்க, ஹைவேயில ஓட்டுங்க. புடிச்சா வாங்குங்க," என்று வியாழக்கிழமை மாலை சாவியைக் கையில் வைத்தார். அவள் கஞ்சிலை அவர் எடுத்துக்கொண்டு போனார். இந்தக் காலத்தில் யார் புதுக் காரைத் தூக்கிக் கொடுப்பார்கள்? ருக்குமணிக்கு நல்லவர்கள் வாய்த்திருந்தார்கள், அதை அவள் ஒரு நாளும் மறுத்ததில்லை.

அந்த நீலக் கார்! அன்று பாலத்தில் வழக்கம்போல நெரிசல். காலை எடுத்தால்கூடக் கார் அப்படியே நிற்க ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்திவிட்டு, இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். முப்பது வருஷமாகப் பாலத்தைக் கடக்கிறவள், கடலைப் பார்த்தது அன்றைக்குத்தான். வெள்ளிக்கிழமை காலை மசாலா வாங்க லிட்டில் இந்தியாவுக்குப் போனாள். குவீன் ஸ்திரீட்டில் திரிஷா எனும் சைக்கிள் ரிக்ஷாவும் துணிமூட்டையும் வழியை அடைத்துக்கொண்டிருந்த இடத்தில், கண்ணாடியை உரசாமல் வளைந்து வெளியே வந்தாள். பிறகு கம்பாருக்கு. மெனோரா குகைப் பாதைக்கு முன்னால் வரும் ஏற்றத்தில் லாரிகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும். அங்கே கஞ்சிலோடு பின்னால் மாட்டிக்கொண்டால் லாரிப் புகையைக் குடித்துக்கொண்டே வர வேண்டியதுதான். நீலக் கார் ஒரே மிதியில் மூன்று லாரிகளைத் தாண்டியது. "அடியாத்தீ!" என்று வாய்விட்டுச் சொன்னாள், காரில் ஆளே இல்லை.

"அம்மா, இறங்கும்போதே சிரிச்சிக்கிட்டு இறங்குறீங்க. எப்பவும் முட்டியப் புடிச்சிக்கிட்டுதான் இறங்குவீங்க," என்றாள் சாந்தினி. அந்த ஒரு வார்த்தையிலேயே ருக்குமணி முடிவு பண்ணிவிட்டாள்.

இரவு எட்டுக்கு வீடு வந்தாள். இடம் இல்லை. பச்சைக் காருக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினாள். கை பழக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டது, ஸ்டியரிங்கை நேராக்கியது. இறக்குவதற்கு ஹேண்ட் பிரேக்கைத் தேடினாள், பிடியே இல்லை. இழுக்க ஒன்றும் இல்லை என்றால் இறக்கவும் ஒன்றும் இல்லை என்று நினைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு மேலே போய், முழங்கால் மாத்திரையைப் போட்டுப் படுத்துவிட்டாள். இன்ஜினை அணைத்ததுமே அந்தக் கார் தானாகக் கியரைப் பூட்டி, தானாகப் பிரேக்கும் போட்டுக்கொள்ளும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? குணாளனுக்குத் தனி வீடு, முன்னால் வாசல், அங்கே போர்டிகோ. காரைத் தள்ளுகிற பேச்சே அவர் வாழ்க்கையில் கிடையாது.

மறுநாள் சனிக்கிழமை.

காலை எட்டு மணிக்குச் சன்னலைத் திறந்தவள் நீலக் கார் வைத்த இடத்திலேயே நிற்பதைப் பார்த்தாள். பச்சைக் காரும் நின்றது. கைப்பைக்குள் கிடந்த போனை எடுத்துப் பார்த்தால், கனியிடமிருந்து இரண்டு அழைப்புகள், ஐந்தே முக்காலுக்கு. நைட்டிக்கு மேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு மையத்துக்கு ஓடினாள்.

நடந்தது இதுதான். மழையில் நனைந்துகொண்டே கனி நீலக் காரைத் தள்ளிப் பார்த்திருக்கிறார். அசையவில்லை. போன் அடித்திருக்கிறார். எடுக்கவில்லை. வாடகைக் கார் ஒன்றைப் பிடித்திருக்கிறார். மழை நேரம், வந்து சேர முப்பத்தைந்து நிமிஷம். ஹாஜராவுக்கு அன்று நாலு மணி நேரத்துக்குப் பதில் மூன்று மணி நேரம்தான்.

ருக்குமணி நாற்காலியின் பக்கத்தில் நின்று அழுதாள். ஹாஜரா குழாய் மாட்டாத கையால் அவள் இடுப்பில் ஒரு கிள்ளுக் கிள்ளினார்.

"ஏண்டி, ஒரு மணி நேரம் கொறஞ்சா செத்தா போயிடுவேன்? போய் மொகத்தக் கழுவு. நைட்டியோட வந்து நிக்கிற, நர்ஸுங்க சிரிக்கிறாங்க."

"கதவைத் தட்டியிருக்கலாம்ல அண்ணே?" என்று கனியிடம் கேட்டாள்.

"நீ கம்பாருக்குப் போயிட்டு வந்து அசந்து தூங்குவேன்னு தெரியும்லா. வாடகைக் காடி வந்துரும்னு பாத்தேன். மழை, என்ன செய்யுறது. சரி விடு. புது காடி ரொம்ப ஸ்ட்ராங்," என்று சிரித்தார்.

ஆனால் குறைந்த ஒரு மணி நேரம் உடம்பில் நின்றது. ஞாயிறு முழுக்க ஹாஜராவுக்குக் கால் வீங்கி, மூச்சு முட்டி, படுக்க முடியாமல் தலையணைகளை அண்டக் கொடுத்து உட்கார்ந்தே இருந்தார். திங்கள்கிழமை தனியாக ஒரு நேரம் கொடுத்துச் சுத்திகரித்த பிறகுதான் பழையபடி வாயாட ஆரம்பித்தார். அந்த இரண்டு நாளும் ருக்குமணி சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். தன் பிள்ளைக்குப் பத்து வருஷம் சோறு போட்டவளின் மூச்சை, தன் கார் மறித்துவிட்டது. அந்த நீலக் காரைக் குணாளனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, இனி அதைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை என்று சாமி படத்துக்கு முன்னால் சொல்லிவிட்டாள்.

அதனால்தான் அடுத்த லீவு நாளில் அஃபிக்கின் கடையில் வெள்ளைக் காரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அது கொஞ்சம் சின்னது, எடை குறைவு, ஆட்டோ கியர்தான், ஆனால் கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக். நியூட்ரலில் விட்டால் விட்டபடி நிற்கும். இரண்டு தள்ளு தள்ளியதும் நகர்ந்தது. பாயா தெருபோங் மேட்டில் ஓட்டியும் பார்த்தாள். பாதி மேட்டில் உறுமியது, ஆனால் ஏறவில்லை என்று சொல்ல முடியாது.

"காக், நேர்மையாச் சொல்றேன்," என்றான் அஃபிக். "உங்க முட்டிக்கும் கம்பார் ரோட்டுக்கும் நீலந்தான் சரி. இதுல கால எடுத்தா நிக்கிற பொத்தான் இல்ல. ஏத்தத்துல லாரியத் தாண்ட முடியாது. கீழ உக்காந்துதான் ஏறணும்."

"தெரியும் தம்பி. இதே போடுங்க."

பழைய காரைக் கொடுத்துப் புதுசு வாங்குவதால் அஃபிக் கஞ்சிலைச் சுற்றிவந்து பார்த்தான். முன்பக்க மூடியின் விளிம்பில் குனிந்து நின்றான். பின்பக்கம் போய் அங்கேயும் குனிந்தான்.

"இங்க என்ன காக், பெயிண்ட் மங்கிப் போயிருக்கு? முன்னால ரெண்டு இடம், பின்னால ரெண்டு இடம். வெயில்னா எல்லா இடமும் மங்கும். இது மட்டும் தேஞ்சிருக்கே?"

ருக்குமணி வந்து பார்த்தாள். தினமும் ஓட்டுகிற கார்தான், ஆனால் இந்த இடத்தை அவள் என்றைக்குப் பார்த்தாள்? ஒரு முழ இடைவெளி விட்டு இரண்டு திட்டுகள், பளபளப்பு போய்ச் சாம்பல் வெளுத்திருந்தது. தன் உள்ளங்கையை ஒன்றின் மேல் வைத்தாள். அவள் கையைவிடப் பெரியதாக இருந்தது அது.

"அது கை," என்றாள். காரின் மேல் கையை வைத்தபடியே தேம்பித் தேம்பி அழுதாள். அஃபிக் பயந்துபோய் நாற்காலி கொண்டுவந்தான், தண்ணீர் கொண்டுவந்தான், பழைய காருக்குச் சொன்ன விலையில் இருநூறு வெள்ளியைத் தானாகவே ஏற்றியும் சொன்னான். வெள்ளைக் காருக்குப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

இரவு சாந்தினியிடம் போனில் சொன்னாள். வெள்ளை என்று சொன்னாள், ஏன் வெள்ளை என்றும் சொன்னாள், யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னாள். சாந்தினி தினமும் இரண்டாவது மாடிக்கும் போன் பண்ணுகிறவள். அவளிடம் போய் அப்படிச் சொல்லலாமா?

மூன்று நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை இரவு வேலை முடிந்து வந்தவள் படிக்கட்டுப் பக்கம் காரைத் திருப்பினாள். பச்சைக் கார் தன் இடத்தில் இல்லை. சற்றுத் தள்ளிக் குப்பைக் கூண்டுப் பக்கம் நின்றது. கோடு போட்ட அந்த இடத்தின் நடுவில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் கனி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த அடுக்குமாடியில் நாற்காலி போட்டு இடம் பிடிப்பதைப் போலக் கேவலமான காரியம் வேறில்லை. அப்படிப் பிடித்தவர்களை இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்ததே கனிதான். ஐந்தாவது மாடி ரோஹானா காரிலிருந்து தலையை நீட்டி, "பாக் கனி, நீங்களுமா!" என்று கேட்டுவிட்டுப் போனதாகப் பிறகு தெரிந்தது.

"உள்ள போடு," என்றார் கனி, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு.

"என்னண்ணே இது?"

"போடுன்னா போடேன்லா. ஒரு மணி நேரமா உக்காந்திருக்கேன், கொசு புடுங்குது."

அவள் நிறுத்திவிட்டு இறங்கினாள். அதற்குள் லிப்டிலிருந்து ஹாஜரா மெதுவாக நடந்து வந்து, கணவர் கையிலிருந்த நாற்காலியைப் பிடுங்கிப் போட்டு உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது, ஆனால் வாய் நிற்கவில்லை.

"எங்களுக்காகக் காடி வாங்குறியாமே? என் புருஷன் தள்ளுறதுக்குத் தோதா?"

"அக்கா, அது வந்து…"

"வாய மூடு. காடி பத்து வருஷம் நிக்கும். நான் பத்து வருஷம் நிப்பேனாடி? என்னக் காரணங்காட்டி நீ காலமெல்லாம் முட்டிய ஒடச்சிக்குவியா? புள்ளையப் பாக்கப் போற ரோட்டுல லாரிக்குப் பின்னால கெடப்பியா?"

"நீங்க அப்பிடிப் பேசாதீங்க அக்கா." ருக்குமணி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் எப்பிடி இருப்பேன்? நீங்க இல்லன்னா என் புள்ள இல்ல, நான் இல்ல. இத்தன வருஷத்துல ஒரு தடவகூட நான் இதச் சொன்னதில்ல. இப்ப சொல்றேன்."

ஹாஜரா அவள் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கனிதான் பேச ஆரம்பித்தார்.

"அந்தச் சனிக்கிழம மூணு தடவ தள்ளினேன்மா. அசையல. என் கையிலதான் பலம் போச்சுன்னு நெனச்சேன். இவளத் தூக்கி விடணும், குளிக்க வைக்கணும், கையில பலம் போனா என்ன செய்வேன்னு மழையில நின்னு அழுதுட்டேன். அப்புறமாத்தான் ஹைக்கல் சொன்னான், அது தானா பூட்டிக்கிற காடின்னு. எவ்ளோ சந்தோஷம் தெரியுமா எனக்கு? நீ என்னடான்னா அதப் போய் வேணாங்குற."

"பின்ன என்ன செய்யறதுண்ணே? நீலத்தத் தள்ள முடியாதே."

"ஏன் தள்ளணும்? நான் மூணு மணிக்கே வந்து உள்ள போட்டுட்டு ஒக்காந்திருக்கேன். எட்டு மணிக்கு வர்ற நீ வெளிய போடுற. அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவன் உள்ள, எட்டு மணி வரைக்கும் தூங்குறவ வெளிய. ஆறு வருஷமா இதயே செஞ்சிருக்கோம். முட்டாளுங்க, ரெண்டு பேரும்!" தலையில் அடித்துக்கொண்டார். "இனிமே பாலத்து டோல் தாண்டினதும் ஒரு மிஸ்ட் கால் குடு. நான் எறங்கி வந்து என் காடிய வெளிய எடுக்குறேன். நீ உள்ள போயிரு. நான் முன்னால போட்டுக்குறேன். எப்ப வேணும்னாலும் நான் பாட்டுக்குக் கெளம்பலாம், ஒருத்தரையும் தள்ள வேணாம்."

"தினமும் ராத்திரி எட்டு மணிக்கு எனக்காக எறங்கி வருவீங்களா?"

"டிவி பாக்குற நேரந்தானே. அந்த நாடகத்துல ஆறு மாசமா ஒரு கல்யாணமும் நடக்கல."

ருக்குமணி யோசித்தாள். "அப்ப வேல நாள்ல, காலையில நான் ஆறு மணிக்கு முன்னால கெளம்பணும்னா? உங்க காடி குறுக்க நிக்குமே?"

கனி அவளை ஒரு பார்வை பார்த்தார். "நிக்கும். நியூட்ரல்ல நிக்கும். இத்தன நாள் நான் தள்ளினேன். இனிமே நீ தள்ளு."

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் நாலாவது மாடியில் யாரோ சன்னலைச் சாத்தினார்கள்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ருக்குமணி அஃபிக்குக்குப் போன் போட்டு, வெள்ளையை மாற்றி நீலம் எழுதச் சொன்னாள். "காக், நீலத்தத் தள்ள முடியாதே," என்றான் அவன் அக்கறையோடு. "தள்ள வேணாம் தம்பி, ஓட்டப் போறேன்," என்றாள்.

ஐந்து வாரத்தில் கார் வந்தது. சாந்தினி லீவு போட்டு வந்தாள். கோயிலில் பூசை முடித்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, முதல் பயணமாக ஹாஜராவை முன்சீட்டில் உட்காரவைத்துக் கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று. ஏறும்போது ஹாஜரா குனியவே இல்லை. நேரே உட்கார்ந்து, நேரே இறங்கினார். "அரசி மாதிரி இருக்குடி," என்றார். வீட்டுக்கு வந்ததும் சிவப்புத் துணி சுற்றிய அந்தச் சட்டியில் பாயசம் வைத்துக் கொடுத்தார். அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான்.

அடுத்த வேலை நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு ருக்குமணி சாப்பாட்டுத் தூக்கோடு கீழே இறங்கினாள். நீலக் கார் கோட்டுக்குள் கச்சிதமாக நின்றது. அதற்கு முன்னால் பச்சைக் கார் குறுக்கே, ஸ்டியரிங் நேராக. தூக்கையும் கைப்பையையும் தன் காரின் உள்ளே வைத்துவிட்டு, பச்சைக் காரின் பின்பக்கம் போனாள். இரண்டு கையையும் பதித்தாள். பனியில் சில்லென்றிருந்தது. ஆறு வருஷம் அவர் கை வைத்த கஞ்சில் விற்றுப்போய்விட்டது. இந்தக் காரில் யார் கையும் பட்டுத் தேய்ந்த அடையாளம் இல்லை. பரவாயில்லை, இன்றைக்குத்தானே ஆரம்பிக்கிறது.

மெல்லத் தள்ளினாள். கார் ஒரு முனகலோடு உருண்டு, குப்பைக் கூண்டுப் பக்கம் போய் நின்றது. அண்ணாந்து பார்த்தாள். இரண்டாவது மாடியில் விளக்கு எரியவில்லை. இன்றைக்கு மருத்துவ நாள் இல்லை, அவர் எழ இன்னும் நேரம் இருக்கிறது. ருக்குமணி தன் கார்க் கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். அண்ணன் தூங்கட்டும்.